பண்டிகைப் பரிசுச் செலவு கைமீறிப் போவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிசுக்காக அளவுக்கு மீறிச் செலவு செய்பவர்களை ஆடம்பரப் பிரியர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலும் அங்கே வேலை செய்வது ஆசை அல்ல, பயம். ‘போன தடவை அவர்கள் அவ்வளவு பெரிதாகச் செய்தார்களே, நாம் இதையா நீட்டுவது?’ என்ற பயம். எதிர்ப்பக்கத்திலும் இதே பயம்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றிக்கொண்டே போய், யாருக்குமே இஷ்டமில்லாத ஒரு தொகையில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள்.

விலையைப் பாசத்தின் அளவாக எடுத்துக்கொள்வது

ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விலை கூடினால் நன்றியும் கூடும் என்று கொடுத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்கள் சொன்ன நன்றிக்கும் பரிசின் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. யோசித்தால் இதில் வியப்பில்லை. கொடுப்பவர் கடையில் பத்துப் பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்; எது மட்டம், எது உசத்தி என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். பெறுபவர் பார்ப்பது கையில் இருக்கும் ஒன்றை மட்டும்தான்.

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளைக் கணக்கெடுத்தபோது, உணர்வு மதிப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பெற்றவர்கள் அந்தப் பொருள்களுக்குப் போட்ட மதிப்பு வாங்கிய விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. உசத்தியாக வாங்கினால் இந்த ஓட்டை அடைபடாது. என்ன வேண்டும் என்று கேட்டால்தான் அடைபடும். கேட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது கொடுப்பவரின் கவலை. கேட்டதே கிடைத்தால்தான் பெறுபவர்களுக்கு நிறைவு அதிகம் என்று பிரான்செஸ்கா ஜினோவும் ஃப்ளின்னும் 2011-ல் காட்டினார்கள்.

கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்றால் ‘அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்பா’ என்ற பதில்தான் வரும். ‘வீட்டுல எது பழுதாகி ஓரமாக் கிடக்கு?’ என்று கேளுங்கள். அல்லது உங்கள் தொகைக்குள் வரும் மூன்று பொருள்களைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

‘தனியாக் கொடுத்தா வெறிச்சுன்னு இருக்குமே’ என்று நல்ல பரிசோடு ஒரு மலிவான சாமானைச் சேர்த்துக் கட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பார்ப்பவர் மனம் இரண்டையும் கூட்டுவதில்லை, சராசரி எடுக்கிறது. சேர்த்த சாமான் பெரிய பரிசின் மதிப்பையும் கீழே இழுத்துவிடும்.

பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக வாங்குவது

கொடுப்பவர் கண்முன் இருப்பது உறையைப் பிரிக்கும்போது விரியும் முகம். பெறுபவருக்கோ அடுத்த இரண்டு வருடம் அந்தப் பொருளோடு குடித்தனம். மையும் மாதச் சந்தாவும் கேட்கும் கருவி, இடத்தை அடைக்கும் அலங்காரப் பொருள், தனிச் சார்ஜர் இல்லாமல் ஓடாத சாதனம் எல்லாமே யானையைக் கட்டித் தீனி போடச் சொல்வது போலத்தான். வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: எங்கே வைப்பார்கள், மாதாமாதம் எவ்வளவு தின்னும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்?

தள்ளுபடி கிடைக்கிறது என்று இரண்டு மாதம் முன்பே வாங்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மாற்றிக்கொள்ளும் கெடு பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். பண்டிகையன்று அளவு சரியில்லை என்று தெரியும்போது கெடு முடிந்திருக்கும். கெடு தேதியைக் கேட்டு எழுதி, ரசீதோடு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். விலை இருக்கும் இடத்தை மறைத்துக்கொள்ளலாம். பரிசு அட்டை கொடுப்பதானால் காலாவதி தேதி பெரிதாகத் தெரியட்டும்.

திருப்பிச் செய்ய முடியாத அளவுக்குக் கொடுப்பது

பரிசில் மூன்று கடமைகள் பின்னிக் கிடக்கின்றன என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதினார்: கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது. மூன்றாவதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. வசதி உள்ளவர் தாராளமாகக் கொடுக்கும்போது, வசதி இல்லாதவர் வீட்டில் ஒரு கடன் கணக்கு திறக்கிறது. ஆகவே இறங்கி வரும் பொறுப்பு வசதி உள்ளவருக்குத்தான் முதலில். குறைவாகக் கொடுப்பவர் முதலில் இறங்கினால் கஞ்சத்தனம் என்ற பேர் வரும். கூடுதலாகக் கொடுப்பவர் இறங்கினால் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

எதிர்பாராமல் பெரிய பரிசு வந்துவிட்டால், அன்று மாலையே கடைக்கு ஓடாதீர்கள். நன்றி சொல்லுங்கள், பொருளைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்துவதை ஒரு மாதம் கழித்து அவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் வழக்கமான அளவிலேயே செய்யுங்கள். ஈடுகட்டப் போனால் ஏணியில் இன்னொரு படி ஏறிவிடும்.

பேச்சைத் தாமதமாகவும் தப்பாகவும் எடுப்பது

குடும்பத்தில் செலவைக் குறைக்கும் பேச்சு முறிவது பெரும்பாலும் நேரத்தால். பத்து நாள் முன்னால் சொன்னால் பாதிப்பேர் வாங்கி முடித்திருப்பார்கள். வாங்கியதைக் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். வாங்காதவர்கள் வெறுங்கையோடு கூசி நிற்பார்கள். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேசுங்கள். கணவர் தன் பக்கத்தவர்களிடமும் மனைவி தன் பக்கத்தவர்களிடமும் பேசுவது நல்லது.

‘இந்த வருஷம் பரிசே வேண்டாம்’ என்ற அறிவிப்பும் எடுபடாது. யாராவது ஒருவர் ‘சும்மா சின்னதா’ என்று கொண்டு வந்துவிடுவார். எளிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது இன்னும் மோசம். கேட்பவருக்கு அது தன்னைக் குத்துவதாகவே படும். ‘எங்க வீட்டுல இந்தத் தடவை கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கு. பெரியவங்களுக்குள்ள சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கலாமா, அத்தை? பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து செய்வோம்’ என்ற மாதிரி, மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆளுக்கு ஒரு பேரை எடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் இந்தச் சீட்டு முறையின் பலன் கணக்கிலேயே தெரியும். 12 பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் கொடுத்தால் 132 பரிசுகள். சீட்டு போட்டால் 12. ஆனால் கிண்ணத்தில் பேர் போட்டு எடுக்கும்போது யாராவது ஒருவருக்குத் தன் பேரே வந்துவிடும். ஒருவருக்கும் தன் பேர் வராமல் அமைய வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான்; மூன்று தடவையில் ஏறக்குறைய இரண்டு தடவை மறுபடி குலுக்க நேரும். விளையாட்டில் சேராத ஒருவர், பேர்களைக் குலுக்கி வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் வட்டத்தில் அடுத்து இருப்பவர் பேரை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. கணவன் மனைவி அடுத்தடுத்து வராமல் நகர்த்தி வைத்தால் போதும்.

உச்சவரம்பு வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சொன்ன உச்சம்தான் எல்லோருக்கும் குறைந்தபட்சமாக மாறிவிடும். குழுவில் வருமானம் குறைந்தவருக்கு வலிக்காத தொகையைத்தான் உச்சமாக வைக்க வேண்டும், சராசரியை அல்ல.

பட்ஜெட்டை ஆள் கணக்கில் தொடங்கி, தவணையில் முடிப்பது

‘ஆளுக்கு இவ்வளவு’ என்று தொடங்கினால் பட்டியல் நீள நீளச் செலவும் நீளும். மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்து, அதில் 15 சதவீதத்தை உறை, அனுப்பும் கட்டணம், மறந்துபோன பேர்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிரியுங்கள். போன வருடம் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதை நினைவிலிருந்து எடுக்காமல் வங்கிக் கணக்கிலிருந்து எடுங்கள். அடுத்த வருடத்துக்கு மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் தனியாக வைத்தால் கடன் கேட்கும் நிலை வராது.

கடன் என்ன செய்யும் என்று பார்ப்போம். மாதம் 2 சதவீத வட்டியில் 100 பங்கு செலவு செய்து 12 சமத் தவணையில் கட்டினால், மாதம் 9.46 வீதம் மொத்தம் சுமார் 113.5 போகும். இது பரவாயில்லை என்று தோன்றலாம். அதே தொகையைக் கிரெடிட் கார்டில் வைத்து, நிலுவையில் 5 சதவீதம் மட்டும் குறைந்தபட்சமாகக் கட்டிக்கொண்டே வந்தால், ஒரு வருடத்தில் ஏறத்தாழ 52 கட்டியிருப்பீர்கள். நிலுவை இன்னும் 68 நிற்கும். அதன் மேல்தான் அடுத்த பண்டிகை வந்து உட்காரும்.

பிள்ளைகளுக்குக் குவிப்பது

36 சிறு குழந்தைகளைக் கவனித்த ஒரு ஆய்வு 2018-ல் வெளியானது. முன்னால் 16 பொம்மைகள் இருந்தபோது தாவித் தாவிப் போனார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க விடாமல், சிலதை எடுத்து வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுக்கலாம். தாத்தா பாட்டி, மாமா, சித்தி எல்லோரும் சேர்ந்து ஒரே பொருளாகச் செய்வது இன்னும் நல்லது.

வளர்ந்த பிள்ளை எதையாவது கேட்டால் உடனே ‘சரி’யும் வேண்டாம், ‘இல்லை’யும் வேண்டாம். கேட்ட தேதியோடு எழுதி வையுங்கள். 30 நாள் கழித்துப் பட்டியலை எடுத்தால் சிலதைப் பிள்ளையே அடித்துவிடும். பொருளாசை மிகுந்தவர்களுக்கு வாங்குமுன் இருக்கும் மகிழ்ச்சி வாங்கியபின் குறைந்துவிடுவதை ஆய்வாளர் மார்ஷா ரிச்சின்ஸ் 2013-ல் காட்டியிருக்கிறார். அதனால் காத்திருக்கும் நாள்கள் பிள்ளைக்கு வீண் அல்ல.

அலுவலக உறை

அலுவலகத்தில் ஒருவருக்குப் பரிசு வாங்கப் பணம் திரட்டும்போது, பணம் போடும் உறையோடு பேர்ப்பட்டியலைச் சுற்றவிடக் கூடாது. யார் எவ்வளவு போட்டார் என்று எழுதிய தாள் ஒன்று கூட இருந்தால், முதல் மூன்று பேர் போட்ட தொகையே மீதிப் பேருக்குக் கட்டணமாகிவிடும். உறையை ஓரிடத்தில் வைத்து, கடைசி நாளைச் சொல்லி, திரண்டதற்குள் வாங்குங்கள்; பொருளை முதலில் பார்த்துவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட, பணம் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதையும் அந்த அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.