மண்ணெண்ணெய் இல்லாமல் கணப்பு மூட்டுவதற்கு மெழுகுத் தீமூட்டிகள்

உதகையிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் உள்ள பழைய பங்களாக்களில், குளிர்காய்வதற்கான விறகு அடுப்பாகிய கணப்பு இன்றும் எரிகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி மாலைகளில், சற்றே ஈரம் ஏறிய விறகு பற்றிக்கொள்ளாதபோது, அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அணைந்ததுபோல் தோன்றும் தணலில் மண்ணெண்ணெய் பட்டால் அது உடனே ஆவியாகி, குப்பென்று பற்றி, ஊற்றுபவரின் கையையும் முகத்தையும் நோக்கிப் பாயும். இந்த வழக்கத்தைக் கைவிட விரும்புபவர்களுக்கு, விறகைப் பற்றவைக்க உதவும், வீட்டிலேயே செய்யக்கூடிய மெழுகுத் தீமூட்டியை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

மெழுகு கட்டியாக இருக்கும்போது எரிவதில்லை. அது உருகி, திரியில் ஏறி, ஆவியான பிறகு அந்த ஆவிதான் எரிகிறது. ஆகவே தீமூட்டிக்கு மெழுகு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை, திரியின் வேலையைச் செய்யும் நார்ப்பொருளும். எடைக்கு எடை பார்த்தால் பாரஃபின் மெழுகு காய்ந்த விறகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தருவதால், நார்ப்பொருள் நனையும் அளவு மெழுகே போதும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அச்சாக வைக்கும் முட்டை அட்டையின் குழி நிறைய மெழுகை ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மிகுதியான மெழுகு உருகி வழிந்து, விறகை விட்டுக் கணப்பின் தரையில் எரியும்.

மின்தடைக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகளைச் சேர்த்து வைத்தாலே ஒரு குளிர்காலத்துக்குத் தேவையான மெழுகு பெரும்பாலும் கிடைத்துவிடும். தேன்மெழுகும் நன்றாக எரியும். ஆனால் அதற்கு வேறு நல்ல பயன்கள் இருக்கும்போது அதை அடுப்பில் இட எனக்கு மனம் வராது. நார்ப்பொருளாக, தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புளிச் சுருள்களே மிகச் சிறந்தவை. மரத்தூள் நெருக்கமாகப் படிந்து காற்றைத் தடுப்பதால், சுருள் கிடைக்காதபோது மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பிளைவுட், சாயம் பூசிய பலகை, பூச்சி மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றின் தூளை எடுக்கவே கூடாது; அவற்றிலுள்ள பசையும் வேதிப்பொருள்களும் எரியும்போது நச்சுப்புகை உண்டாகும். அச்சாக, 30 முட்டைகள் வைக்கும் காகிதக்கூழ் அட்டை வேண்டும். பிளாஸ்டிக் அட்டை கூடாது.

மெழுகை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைத்து உருக்க வேண்டாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, அதற்குள் மெழுகு உள்ள தகர டப்பாவை நிறுத்த வேண்டும். பாரஃபின் பொதுவாக 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதிக்கிறது. அந்தச் சூடே மெழுகுக்குத் தாராளம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேலை முடியும்வரை அடுப்பை விட்டு அகலக் கூடாது, குழந்தைகளை அருகில் விடக் கூடாது. டப்பாவில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, தயாராக வைத்திருக்கும் மூடியால் மூட வேண்டும். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால், அது மெழுகுக்கு அடியில் சென்று நொடியில் நீராவியாகி, தீயோடு மெழுகை நாலாபுறமும் வாரி இறைக்கும்.

பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் முட்டை அட்டையை வைத்து, ஒவ்வொரு குழியிலும் சுருள்களை அழுத்தாமல் தளர்வாக நிரப்புங்கள். உருகிய மெழுகிலிருந்து, திரியோடு வந்த உலோகத் துண்டுகள் இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு குழிக்கு மேசைக்கரண்டி அளவு, சுருள்கள் நனைந்து ஒட்டிக்கொள்ளும்வரை, மெதுவாக ஊற்றுங்கள். 30 குழிகளுக்குச் சுமார் 400 கிராம் மெழுகு போதுமானது. நன்றாக ஆறிய பிறகு கத்தரிக்காமல் கையால் கிழித்துப் பிரிப்பது நல்லது. கிழிந்த விளிம்பில் மெழுகு படாத நார் வெளியே தெரியும். தீக்குச்சி அங்கேதான் முதலில் பற்றும். மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், டப்பாவிலேயே உறையவிட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் விழும் பைன் காய்களை மெழுகில் தோய்த்தும் தீமூட்டி செய்யலாம். பார்வைக்கு அவை அழகாக இருந்தாலும், நன்கு காய்ந்து விரியாத காய் சரியாகப் பற்றாது என்பதால் சுருள் நிரப்பிய குழிகளையே நான் நம்புகிறேன்.

தீமூட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது எரிவது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் சுள்ளியும், சுள்ளியிலிருந்து விறகும் பற்ற வேண்டும். நீலகிரியில் கிடைக்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வெட்டியவுடன் எரிப்பதற்கு ஏற்றவை அல்ல. பிளந்து, மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே எரிக்க வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டும்போது கணீரென்ற ஒலி எழுந்தால் விறகு காய்ந்திருக்கிறது. மந்தமான ஒலி வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கணப்பில் விறகை அடுக்குவதற்கு, வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழே எரியவிடும் முறையையே நான் விரும்புகிறேன். அடியில் பெரிய கட்டைகள் இரண்டையோ மூன்றையோ வைத்து, அவற்றின் குறுக்கே நடுத்தர விறகையும், அதன்மேல் விரல் பருமனுள்ள சுள்ளிகளையும் அடுக்கி, சுள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு தீமூட்டியைச் செருக வேண்டும். சுடர் மேலே இருப்பதால் புகைபோக்கி விரைவில் சூடாகிப் புகையை இழுத்துக்கொள்கிறது. கீழேயுள்ள விறகின் புகையும் அந்தச் சுடர் வழியாகச் செல்லும்போது பெருமளவு எரிந்துவிடுகிறது. கொளுத்துவதற்கு முன் புகைபோக்கியின் தகட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். புகை அறைக்குள் திரும்பினால், குழாயில் நிற்கும் குளிர்ந்த காற்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். முறுக்கிய செய்தித்தாளைக் கொளுத்திக் குழாயின் வாயருகே சிறிது நேரம் பிடித்தால் அது விலகும். ஒரு தீமூட்டியால் பற்றாத அடுக்கில் இரண்டாவதை வைப்பதைவிட, விறகின் ஈரத்தைச் சோதிப்பதே மேல். எரிந்துகொண்டிருக்கும் தீயில் பிறகு ஒரு தீமூட்டியை வீசுவதும் கூடாது.

எரியும் நேரத்தில் சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். தணல் முழுவதும் அணையும்வரை தகட்டுக் கதவை மூடக் கூடாது, ஏனெனில் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள்.

செய்து வைத்த தீமூட்டிகளைக் கணப்பின் மேல்தட்டில் வைக்காமல், சூடு எட்டாத இடத்தில், இறுக மூடிய தகர டப்பாவில் வைக்க வேண்டும். எலிகள் மெழுகைக் கொறிக்கும் என்பதால் மூடி அவசியம்.