மௌண்டன் போர்டு: ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள்

சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறத்தாழ 163 மீட்டர்தான். சரிவில் நின்றபடி உருண்டு இறங்கும் சக்கரப் பலகையான மௌண்டன் போர்டு இங்கே எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. பழகத் தொடங்குபவருக்கு மலை தேவையில்லை. ஆள் உயரத்துக்கு இருமடங்கு புல்மேடு போதும். அது நம் வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் 1993இல் தொடங்கிய எம்பிஎஸ் நிறுவனம் இந்தப் பலகைகளுக்குப் பெயர் பெற்றது. பனிச்சறுக்கு ஆடியவர்கள் கோடைக்காலத்திலும் சரிவில் இறங்க ஆசைப்பட்டதில் பிறந்த விளையாட்டு இது. சாதாரண ஸ்கேட்போர்டின் சிறு சக்கரம் புல்லில் புதைந்து நின்றுவிடும். இதில் காற்றடைத்த 8 அங்குல டயர்களும் கால்களைப் பிடித்துக்கொள்ளும் வார்களும் உண்டு. சக்கர அச்சில் ரப்பர் வைத்த வகை, ஸ்பிரிங் வைத்த வகை என இரண்டு கிடைக்கும். பழையதாக இருந்தாலும் ஸ்பிரிங் வைத்ததையே வாங்குங்கள். திரும்பிய பலகை தானாக நேராவதைக் காலடியில் உணரலாம். முதல் மாதம் ஸ்பிரிங்கை நன்றாக முறுக்கியே வையுங்கள். தளர்ந்திருந்தால் வேகத்தில் பலகை உதறும்.

தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் எல்லாம் வேண்டும். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

டயரில் 20 முதல் 25 பிஎஸ்ஐ காற்று போதும். காற்று குறைந்தால் வேகமும் குறையும். அதுதான் இப்போது நமக்குத் தேவை. வார்களைக் கால் ஆடாத அளவுக்கு இறுக்கி, சமதளத்தில் நின்று, பாதத்தை உருவி எடுத்துப் பாருங்கள். சிரமமின்றி வரவில்லை என்றால் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அடுத்து, இடம். மேட்டின் உச்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அடிவாரத்தைப் பாருங்கள். ஈசூனில் நான் முதலில் தேர்ந்தெடுத்த மேட்டில் புல் மெத்தைபோல இருந்தது. அடியில் புல்லோடு புல்லாக ஒரு சிமெண்டு வடிகால் ஓடியதை, முன்சக்கரம் அதன் விளிம்பில் மோதிய பிறகே பார்த்தேன். நம் ஊரில் சரிவு இருந்தால் மழைநீருக்கு வடிகாலும் இருக்கும். ஆகவே முதலில் மேட்டின் அடியில் நடந்து பாருங்கள். இருபது அடியாவது சமதளம் வேண்டும்; எதிர்மேடு இருந்தால் இன்னும் நல்லது. சைக்கிளுக்கென ஒதுக்கிய மலைத்தடங்களில் இறங்க வேண்டாம். பூங்காவில் அறிவிப்புகளைப் படித்துவிட்டு இறங்குங்கள். மோட்டார் பொருத்திய பலகை வேறு விஷயம். 2020 முதல் நடைபாதைகளில் அதற்கு இடமில்லை.

இனி நிறுத்துவது. பெரும்பாலான பலகைகளில் பிரேக் கிடையாது. சரிவின் குறுக்கே திரும்பி, முனையை மேட்டை நோக்கி வளைத்தால் வேகம் தானாகச் சாகும். மூன்று வாரம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான். பலகையில் பக்கவாட்டாகத்தான் நிற்போம். விரல் பக்கம் திரும்புவது எளிதாக வந்தது. குதிகால் பக்கம் திரும்பினால் பலகை நேராகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தங்கை மேட்டின் மேல் நின்றுகொண்டு, “அண்ணா, காலைப் பார்க்காதே, என்னைப் பார்!” என்று கத்தினாள். தோளுக்கு மேலாக அவளைத் திரும்பிப் பார்த்தேன். பலகையும் கூடவே திரும்பி, மேட்டில் ஏறி, நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பலகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் சக்கரம் திரும்பும். குனிந்து காலைப் பார்த்தால் இடுப்பு பின்னால் போகும், தலை முன்னால் வரும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பலகை சாயவே சாயாது. எனவே நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்குங்கள், முதுகை நிமிர்த்துங்கள், முன்தோளைப் போகும் பக்கம் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மேட்டின் கால்வாசி உயரத்திலிருந்து இருபக்கமும் பத்துப் பத்து முறை நின்று காட்டிய பிறகே இன்னும் நான்கு அடி மேலே ஏறுங்கள்.

பின்னர் சேர்த்தது: பலகை ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். உடனே அச்சைக் கழற்ற வேண்டாம். நான்கு டயர்களின் காற்றையும் அழுத்தமானி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் குறைந்திருக்கும். வால்வு கார் டயரில் இருப்பதுதான். ஆனால் சக்கரத்தின் நடுப்பகுதி இடிப்பதால் பம்பின் தலை நுழையாது. சைக்கிள் கடையில் வளைந்த சிறு நீட்டிப்புக் குழாய் கேட்டு வாங்குங்கள்.

மழையில் நனைந்த பலகையைப் பையிலேயே விட்டுவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் பேரிங் துருப்பிடித்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பழைய துணியால் துடைத்து, சக்கரங்களை ஒருமுறை சுழற்றிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் இரவு முழுவதும் வையுங்கள்.