கூடாரப் பண்டிகையை முதல் தடவை அனுசரிப்பது எப்படி: பந்தல் போடுவதிலிருந்து எட்டாம் நாள் வரை

கூடாரப் பண்டிகையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு. பொருளை முழுசாகப் படித்து முடித்துவிட்டு அப்புறம் கொண்டாடலாம் என்று ஆரம்பித்தால் அது படிப்பாகவே நின்றுபோகும். அதனால் இங்கே கூரையை முதலில் போட்டுவிட்டு, அதன் கீழே உட்கார்ந்தபடி பொருளுக்கு வருவோம். மேசியாவாக இயேசுவை விசுவாசிக்கும் யூதர்கள், அதாவது அவரை யேசுவா என்று அழைக்கும் மேசியானிக் சபையார், இந்த வாரத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் அந்த வரிசையில்தான் தெளிவாகும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தல் அளவு, கிளைகள், தண்ணீர்ச் சடங்கு இதெல்லாம் பெரும்பாலும் யூத ரபிமார் மரபு காப்பாற்றி வைத்தது; கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பில் இந்தப் பண்டிகைக்கென்றே ஒரு பகுதி உண்டு. மேசியானிக் விசுவாசத்தை யூத மதத்தின் ஒரு பிரிவாகப் பெரும்பான்மை யூதர்கள் ஏற்பதில்லை. அவர்கள் வீட்டுச் சொத்தைக் கையில் எடுக்கிறோம் என்ற மரியாதை நமக்கு இருக்க வேண்டும். அப்புறம், லேவியராகமம் 23:42 கூடாரத்தில் தங்கச் சொல்வது இஸ்ரவேலில் பிறந்தவர்களைத்தான். நீங்கள் யூதரல்லாத விசுவாசியாக இருந்தால் இது உங்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை இல்லை, ஆசையோடு சேர்ந்துகொள்ளும் விருந்து. "இதைச் செய்யாதவர்களுக்கு ஆசீர்வாதம் இல்லை" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

1. தேதி

எபிரெய நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15 முதல் ஏழு நாள், கூடவே எட்டாவதாக ஒரு தனி நாள். பௌர்ணமியில் தொடங்கும். நாள் என்பது சூரியன் மறையும்போது பிறப்பதால், 2026-இல் செப்டம்பர் 25 வெள்ளிக்கிழமை மாலையே முதல் நாள் ஆரம்பம். ஏழாம் நாள் அக்டோபர் 2, எட்டாம் நாள் அக்டோபர் 3. பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் இதே மாதம் 10-ஆம் தேதி. அந்த உபவாசம் முடிந்த ராத்திரியே பந்தலுக்கு முதல் ஆணி அடிப்பது பல யூத வீடுகளில் வழக்கம், நீங்களும் அப்படியே வைத்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் இருக்காது.

2. சுக்கா கட்டுவது

சுக்கா என்பது அந்தப் பந்தலுக்குப் பெயர், அதன் பன்மையான சுக்கோத் பண்டிகைக்கே பெயராகிவிட்டது. எங்கே கட்டுவது? நெகேமியா 8:16-ஐப் பாருங்கள்: சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் வீட்டு மாடியிலும், முற்றத்திலும், ஆலயப் பிராகாரத்திலும், தண்ணீர்வாசல் வீதியிலும் போட்டார்கள். மொட்டை மாடி தாராளமாகப் போதும். தலைக்கு மேலே வானம் மட்டும்தான் இருக்க வேண்டும். மரத்தடி, சன்ஷேடு, மேல்வீட்டு பால்கனிக்குக் கீழே என்றால் ஆகாது. எருசலேமில் பக்தியுள்ள யூதர்கள் வாழும் பகுதிகளில் அடுக்குமாடி பால்கனிகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் விலகி விலகி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், இதுதான் காரணம்.

சுவர்கள் எதனாலும் இருக்கலாம். துணி, பிளைவுட், தார்ப்பாய், ஏற்கெனவே இருக்கும் வீட்டுச் சுவர் எதுவானாலும் சரி. காற்றுக்குப் படபடவென்று ஆடாதபடி இழுத்துக் கட்டுங்கள். மரபின்படி இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு கையகலமும் இருந்தாலே கணக்கு சரியாகிவிடும், ஆனால் மூன்று சுவர் போட்டுவிடுவது வசதி. அகலமும் நீளமும் குறைந்தது 7 கையகலம், உயரம் குறைந்தது 10 கையகலம், அதிகபட்சம் 20 முழம். குறைந்த அளவில் ஒரு ஆள் முடங்கி உட்காரலாம், அவ்வளவுதான். விருந்தாளி வரணும் என்றால் பத்துக்கு எட்டு அடியாவது வேண்டும்.

கூரையில்தான் கண்டிப்பு. மண்ணில் முளைத்து, வெட்டி எடுத்த பொருளாக இருக்க வேண்டும்: ஓலை, மூங்கில், தழை, நாணல். வேரோடு நிற்கும் கொடியைப் பந்தலில் படரவிட்டு அதையே கூரை என்று சொல்ல முடியாது. தகரம், பிளாஸ்டிக், துணி கூடவே கூடாது. பாய்? இதற்கும் மிஷ்னா பதில் வைத்திருக்கிறது. படுப்பதற்காக முடைந்த பாய் ஆகாது, கூரைக்கென்றே முடைந்தது ஆகும். அந்தக் கணக்கில் நம் ஊர்த் தென்னங்கீற்றுக்குத் தடை இருக்காது என்பது என் எண்ணம், கூரை வேய்வதற்குத்தானே அதை முடைகிறோம். முதலில் சுவர், அப்புறம் கூரை, இந்த வரிசையை மாற்றாதீர்கள். சட்டம் இரும்புக் குழாயாக இருந்தால் அதன்மேல் நாலைந்து மூங்கில் கழியைக் குறுக்கே வைத்துவிட்டு அதற்குமேல் ஓலையைப் பரப்புங்கள்.

எவ்வளவு அடர்த்தி என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பகலில் உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், ராத்திரி அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிவது நல்லது. அதாவது மழை வந்தால் கட்டாயம் ஒழுக வேண்டும். ஒழுகாத கூரை போட்டால் நீங்கள் ஒரு நல்ல குடிசை கட்டியிருக்கிறீர்கள், சுக்கா கட்டவில்லை. எகிப்திலிருந்து வந்தவர்களைத் தேவன் கூடாரங்களில் குடியிருக்கப்பண்ணினார் என்பதை நினைப்பதற்கான வாரம் இது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் சமயம் பார்த்து, கெட்டிக் கூரையை விட்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறார். கையில் சாப்பாட்டுத் தட்டோடு மேலே பார்த்து, ஓலை இடுக்கில் வானம் தெரியும்போது, வனாந்தரத்தில் அவர்களைக் காத்தது கூரை இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மெழுகுவர்த்தியை ஓலைக்கும் துணிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே எல்இடி சரம், வர்த்தி ஏற்றுவது வீட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மழை பெய்தால் என்ன செய்வது? கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்கிறது மிஷ்னா. கூடவே ஒரு உவமையும் சொல்கிறது: எஜமானுக்குக் கிண்ணத்தில் பானம் கலந்து கொடுக்க வந்த வேலைக்காரனின் முகத்தில் எஜமான் ஜாடியோடு ஊற்றிவிட்டது மாதிரியாம் அது. இஸ்ரவேல் தேசத்தில் கோடை முழுக்க மழை இருக்காது, இந்தப் பண்டிகைக்குப் பிறகுதான் முதல் மழையை எதிர்பார்ப்பார்கள். அதனால் இந்த வாரத்தில் பெய்தால் மனம் நொந்துபோவார்கள். இந்த மழை விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

3. கிளைகளும் பழமும்

லேவியராகமம் 23:40 சொல்லும் நான்கு, ரபிமார் மரபின் கணக்கில்: எத்ரோக் என்கிற, எலுமிச்சை இனத்து சிட்ரான் பழம் ஒன்று, விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிருதுச்செடிக் கிளை மூன்று, ஆற்றலரி இரண்டு. குருத்தின் முதுகு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, மிருதை வலப்பக்கமும் ஆற்றலரியை இடப்பக்கமும் சேர்த்துக் கட்டுவார்கள். கட்டு வலக்கையில், பழம் இடக்கையில். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேலே, கீழே என்று ஆறு பக்கமும் அசைக்க வேண்டும், எல்லாத் திசையும் கர்த்தருடையது என்று. ஓய்வுநாளில் இதை எடுப்பதில்லை. 2026-இல் முதல் நாளே சனிக்கிழமை என்பதால் ஞாயிறு காலையில் தொடங்குங்கள்.

எருசலேம் சந்தையில் பழத்தோலில் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவார்கள். நமக்கு நான்கும் கிடைப்பது சிரமம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ரபிமார் மரபை ஏற்காமல் வேதத்தை மட்டும் பின்பற்றும் கராயித் யூதர்கள் நெகேமியா 8:15-ஐ வைத்து, இந்தக் கிளைகள் கையில் பிடிக்க அல்ல, பந்தல் கட்டத்தான் என்றே படிக்கிறார்கள். எனவே கிடைத்த தழையைக் கூரையில் சேர்த்தாலும் வசனத்துக்கு வெளியே போனதாகாது. எதையோ வாங்கி எத்ரோக் என்று பெயர் வைப்பதைவிட அது நேர்மை.

4. முதல் மாலை

சூரியன் மறையும் முன் விளக்கேற்றி, பந்தலுக்குள் அப்பமும் திராட்சரசமும் வைத்து ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடத் தொடங்குங்கள். சுக்காவில் தங்கக் கட்டளையிட்ட தேவனைத் துதிக்கும் யூத ஜெபம் ஒன்று உண்டு. யூதரல்லாத மேசியானிக் விசுவாசிகள் சிலர் "கட்டளையிட்ட" என்பதை மாற்றி, சுக்காவின் மகிழ்ச்சியைத் தந்தவருக்கு நன்றி என்று சொல்வார்கள். எனக்கு இது சரியென்று படுகிறது.

ஆபிரகாமில் தொடங்கித் தாவீது வரை ஏழு முற்பிதாக்களை ஒவ்வொரு ராத்திரியும் விருந்தாளியாக அழைக்கும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது, விருப்பம் இருந்தால் செய்யலாம். அதைவிட உபாகமம் 16:14 முக்கியம்: வேலைக்காரர், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லோரும் உன்னோடு சந்தோஷப்பட வேண்டும் என்கிறது. ஆகவே ஏழு நாளில் ஒரு நாளாவது சொந்தக்காரர் அல்லாத, தனியாகச் சாப்பிடும் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

தினமும் சங்கீதம் 113 முதல் 118 வரை வாசிப்பது வழக்கம். பண்டிகை வாரத்து ஓய்வுநாளில் பிரசங்கி புத்தகம். ஒழுகும் கூரையின் கீழ் "மாயை, எல்லாம் மாயை" வாசித்துப் பாருங்கள்.

5. தண்ணீர்

மேசியானிக் விசுவாசத்தில் இந்தப் பண்டிகையின் நடுப்பகுதி இதுதான், அதனால் ஒரு முழு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். ஏழாம் நாள் நல்லது.

ஆலயம் இருந்த காலத்தில் ஒரு ஆசாரியன் பொன் ஜாடியோடு சீலோவாம் குளத்துக்கு இறங்கித் தண்ணீர் மொண்டு, தண்ணீர்வாசல் வழியாக வருவான், எக்காளம் ஊதுவார்கள், பலிபீடத்தில் திராட்சரசத்தோடு அந்தத் தண்ணீரும் வார்க்கப்படும். வரப்போகும் பருவத்தின் மழைக்கான வேண்டுதலாக அதைப் பார்த்தார்கள். ஒருமுறை ஒரு ஆசாரியன் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிவிட, ஜனங்கள் கையிலிருந்த எத்ரோக் பழங்களாலேயே அவனை அடித்தார்களாம், அன்றுமுதல் வார்ப்பவனைப் பார்த்து "கையை உயர்த்து!" என்று எல்லோரும் கத்துவார்கள் என்கிறது மிஷ்னா. இரவில் ஸ்திரீகளின் பிராகாரத்தில் பெரிய பொன் விளக்குத் தண்டுகள், ஆசாரியரின் பழைய உடைகளைக் கிழித்துத் திரி, பதினைந்து படிகளில் லேவியரின் வாத்தியம், தீப்பந்தம் பிடித்து ஆடும் பெரியவர்கள். இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்காதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே பார்த்ததில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளத்தின் படிக்கட்டுகள் 2004-இல் எருசலேமில் தோண்டும்போது வெளியே வந்தன.

இப்போது யோவான் 7-ஐத் திறந்து சத்தமாக வாசியுங்கள். பண்டிகையின் கடைசி நாளாகிய பிரதான நாளில் இயேசு நின்று, சத்தமிட்டு, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்கிறார். அது ஏழாம் நாளா எட்டாம் நாளா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு, எதுவானாலும் தண்ணீர்தான் ஊரின் பேச்சாக இருந்த வாரம். சீலோவாம் ஜாடிக்காகக் காத்து நிற்கும், மழைக்காக ஜெபிக்கும் கூட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து தண்ணீர் என்னிடம் இருக்கிறது என்கிறார்! அவர் சொன்னது ஆவியானவரைக் குறித்து என்று யோவானே அடுத்து விளக்கிவிடுகிறார். யோவான் 8:12-இல் "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்பதையும் அந்த விளக்குத் தண்டுகளோடு சேர்த்தே மேசியானிக் போதகர்கள் படிப்பார்கள்.

செய்முறை எளிது. ஒரு குடத்தில் தண்ணீர் வையுங்கள், ஏசாயா 12:3-ஐச் சேர்ந்து சொல்லுங்கள், குழந்தைகள் கையால் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுங்கள், அப்புறம் யோவான் 7. விளக்கம் கேள்வி வந்தால் மட்டும்.

6. ஜாதிகள்

எண்ணாகமம் 29-இல் முதல் நாள் 13 காளை, அடுத்த நாள் 12, இப்படிக் குறைந்து ஏழாம் நாள் 7. கூட்டிப் பாருங்கள், 70. உலகத்தின் எழுபது ஜாதிகளுக்காக, அதாவது எல்லாத் தேசத்து மக்களுக்காக, என்கிறது மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத். சகரியா 14:16 எருசலேமுக்கு எதிராக வந்த ஜாதிகளில் மீதியானவர்கள் வருஷந்தோறும் கூடாரப் பண்டிகைக்கு வருவார்கள் என்கிறது, வராதவர்களுக்கு மழை இல்லை என்றும் அடுத்த வசனம். மறுபடியும் மழை.

மேசியானிக் போதனையில் வசந்தகாலப் பண்டிகைகள் முதல் வருகையில் நிறைவேறின: பஸ்காவில் மரணம், முதற்கனியில் உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தேயில் ஆவியானவர். எக்காளம், பாவநிவாரணம், கூடாரம் என்ற மூன்றும் இரண்டாம் வருகையைக் காத்திருக்கின்றன. கூடாரம் அவருடைய ராஜ்யத்தின் காலம். இதே பண்டிகையில்தான் இயேசு பிறந்தார் என்று யோவான் ஸ்நானகனின் தகப்பன் இருந்த அபியா என்னும் ஆசாரிய வகுப்பின் ஊழிய முறையை வைத்துக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. கணக்கு சுவாரசியமானது, ஆனால் வேதம் தேதி சொல்லவில்லை, முதல் வருஷக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் சகரியாவோடு நிற்பது நல்லது. ஒரு மாலை உலக வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு நாட்டின் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

7. எட்டாம் நாள்

ஷெமினி அட்செரெத் என்று பெயர். யூத ஜெபாலயங்களில் மழைக்கான ஜெபம் இன்றுதான் தொடங்கும், பந்தலில் உட்கார்ந்து முடித்த பிறகுதான் மழை கேட்பார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் மனுஷர்களிடத்தில் தேவனுடைய வாசஸ்தலம் இருக்கும் பகுதியை இன்று வாசியுங்கள்.

மறுநாள் பந்தலைப் பிரிக்கலாம். மூங்கிலும் கயிறும் அடுத்த வருஷத்துக்கு ஆகும், ஓலையைக் காயவிடாமல் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். எத்ரோக் கிடைத்திருந்தால் ஜாம் செய்யலாம் அல்லது கிராம்பு குத்தி மணத்துக்கு வைக்கலாம். காய்ந்த பேரீச்சங்குருத்தைப் பலர் எறிவதில்லை, பஸ்காவுக்கு முந்தின காலை வீட்டிலிருக்கும் புளித்த மாவை எரிக்கும்போது அந்தத் தீயில் போடுவார்கள்.