பிளஸ் டூ முடிப்பதற்குள் ஃபைலில் இருக்க வேண்டியவை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் மே மாதம் வந்தால், சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் நாலு பேராவது இருப்பார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை, பக்கத்தில் பீடி சுற்றிக் காய்த்த விரலோடு அம்மா. "டீச்சர், மார்க்கு வந்துட்டு. இனி என்ன செய்யணும்?" என்பார்கள். மார்க் வந்த பிறகு ஓடினால் தாமதம். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே தொடங்குங்கள்.

முதலில் பெயர். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாங்க் புத்தகம் மூன்றையும் வரிசையாகப் பாயில் வைத்து எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி என்று இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இப்போதே திருத்துங்கள். பாங்க் கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும். அரசுப் பணம் வருவதற்கு ஆதாரை அந்தக் கணக்கோடு இணைத்தாயிற்றா என்று கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம் இ-சேவை மையம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. மேயில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாலுகா ஆபீஸில் தேங்கிவிடும். ஏப்ரலிலேயே போடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல் முதலான படிப்புகளுக்கு 2021இல். அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அரசுடையது. நம் பக்கம் மிஷன் பள்ளிகள் அதிகம். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது கிடையாது. ஒரே தெரு, ஒரே கூலி, ஆனாலும் கிடையாது. எனக்கு இதில் ஆறாத வருத்தம். ஆகவே ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாற்றும்போதே இதை யோசித்துவிடுங்கள். மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேரலாம். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே கேளுங்கள்.

பீடி சுற்றும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா தினம் ஆயிரம் பீடி சுற்றினாள். இலை வாங்குவதையும் பீடி கொடுப்பதையும் கடையில் பதிகிற பாஸ் புத்தகம் சித்தி பெயரில். சித்தி பெயரில் இலையும் தூளும் வாங்கி வந்து, ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடிந்ததும் வெட்டிச் சுற்றி, பீடிக் கட்டுகளையும் சித்தி பெயரிலேயே கடையில் போடுவாள். கூலி ஒழுங்காக வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு நான் போய் நின்றபோதுதான், காகிதத்தில் அம்மா தொழிலாளியே இல்லை என்று தெரிந்தது. அம்மா அந்த மேசை முன்னால் விரல்களை விரித்துக் காட்டினாள். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொழிற்படிப்புக்கு இப்போது வருடம் 25,000 ரூபாய் வரை வருகிற உதவி அது. பாஸ், பி.எஃப்., அடையாள அட்டை மூன்றையும் சுற்றுகிறவள் பெயரிலேயே வாங்குங்கள். ஆறு மாதமாவது பதிவில் வேலை செய்திருக்க வேண்டும். படிப்பு தொடங்குகிற மாதத்தில் போய்க் கேட்டால் நடக்காது.

எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுத வையுங்கள். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் 12,000 ரூபாய்.

டாக்டர் சீட்டு இல்லையென்றால் தோற்றுவிட்டதாக அழுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். கந்துவட்டிக்கு வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்காதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் பேட்டைப் பக்கம் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அம்மா பீடித்தட்டைத் தூக்கிப் பரணில் போட்டாள். ஜெயித்தது என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

கடைசியாக, விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் செல் நம்பரைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி.யும் இடம் ஒதுக்கிய செய்தியும் அவருக்குப் போகும், நீங்கள் பார்ப்பதற்குள் தேதி முடிந்துவிடும். வீட்டில் இருக்கிற ஒரு நம்பரைக் கொடுத்து, படிப்பு முடியும் வரை அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.