விளையாட்டின் இசையைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி

ஒரு வீடியோ கேமைப் பல மாதங்கள் ஆசையாக விளையாடியவரிடம் அதன் இசையைப் பற்றிக் கேட்டால், முகப்புத் திரையில் ஒலிக்கும் மெட்டை முணுமுணுத்துக் காட்டுவார். அதற்கு மேல் பேச்சு நகராது. கண்ணும் கையும் எதிரியின் மேல் இருக்கும்போது காதுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் இந்த இசையை நிதானமாகக் கேட்க உட்கார்ந்தால், அது மற்ற இசையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்கு ஒரு காட்சி எத்தனை நொடி ஓடும் என்பது முன்பே தெரியும். விளையாட்டுக்கு இசையமைப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே குகைக்குள் ஒருவர் பத்து நொடியில் ஓடிக் கடந்துவிடுவார், இன்னொருவர் வழி தெரியாமல் அரை மணி நேரம் சுற்றுவார். இருவருக்கும் பொருந்தும்படி அமைக்கப்பட்ட இசையை ரசிக்க வேண்டுமானால், அதைச் சும்மா கேட்டால் போதாது. நாம் எதையாவது செய்துபார்த்து, அதற்கு இசை என்ன பதில் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும்.

முதலில், நீங்கள் ஏற்கெனவே விளையாடி முடித்த ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து என்ன வரும் என்ற பதற்றம் இருக்கும்வரை காது தனியாக வேலை செய்யாது. சேவ் செய்துவைத்த இடங்களில், உயிருக்கு ஆபத்தில்லாத பகுதி ஒன்று, அதையொட்டி எதிரிகள் உலவும் பகுதி ஒன்று என அருகருகே அமைந்த இடமாகப் பார்த்துத் திறந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய ஸ்பீக்கரில் அடித்தளச் சுரங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடும் என்பதால் ஹெட்ஃபோன் நல்லது. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒலி அமைப்புகளில் இசைக்கும் ஒலி விளைவுகளுக்கும் தனித்தனி அளவுகோல் இருந்தால், முதல் சுற்றில் இரண்டையும் இயல்பான நிலையிலேயே விட்டுவிட்டு, இரண்டாம் சுற்றில் ஒலி விளைவுகளை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். மூன்றாவதாக, இசையை அணைத்துவிட்டு அதே இடத்தில் ஐந்து நிமிடம் நடந்துபாருங்கள். பலர் தவிர்த்துவிடும் சோதனை இது. ஆனால் இசை அதுவரை எந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தது என்பதை இதைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை.

அடுத்து, ஒரே இடத்தில் அசையாமல் நின்று, இசை தொடங்கிய இடத்துக்கே எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலான விளையாட்டு இசை ஒரு சுழற்சியாக எழுதப்படுகிறது. முடிவும் தொடக்கமும் தையல் தெரியாமல் சேர வேண்டும். அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி இன்பம். சில இசையமைப்பாளர்கள் கடைசி வரியை முடிக்காமல் தொங்கவிட்டு, முதல் சுரத்தின் மேல் கொண்டுபோய் இறக்குவார்கள். சிலர் முன்னுரையாக வரும் சில நொடிகளை ஒரே ஒரு முறை மட்டும் ஒலிக்கவிட்டு, அதற்குப் பிறகு நடுவிலிருந்து நடுவுக்கே திரும்புவார்கள். மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் வரியை மட்டும் பின்தொடர்ந்தால், இந்தத் தையல் எளிதில் அகப்படும்.

நின்று கேட்டது போதும் என்று தோன்றியதும் நடக்கத் தொடங்குங்கள். சூப்பர் மாரியோ வேர்ல்டு விளையாட்டில் யோஷி என்ற டைனோசரின் முதுகில் ஏறியதும், அதே மெட்டின் மேல் போங்கோ தாளம் ஒன்று சேர்ந்துகொள்ளும்; இறங்கிய உடனே அது நின்றுவிடும். மெட்டு மாறுவதில்லை, வேகம் மாறுவதில்லை, ஒரு தாள அடுக்கு மட்டும் கூடிக் குறைகிறது. இதே உத்தியின் விரிவான வடிவத்தை எஃப்டிஎல் என்ற 2012-ஆம் ஆண்டு விண்வெளி விளையாட்டில் கேட்கலாம்: பென் பிரன்ட்டி ஒவ்வொரு இசைத் துண்டையும் அமைதியான பயணத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என இரு வடிவங்களாக அமைத்தார். எதிரிக் கப்பல் எதிர்ப்பட்டதும் ஒன்று மங்க, மற்றொன்று அதே இடத்திலிருந்து எழும். ஆல்பத்தில் இரண்டும் தனித்தனிப் பாடல்களாகவே இருக்கின்றன. அவை ஒன்றுக்குள் ஒன்று உருகும் தருணம் விளையாட்டுக்குள் மட்டுமே கிடைக்கும்.

அடுக்குகளைக் கூட்டிக் குறைப்பது ஒரு வழி என்றால், துண்டுகளை வரிசை மாற்றி அடுக்குவது இன்னொரு வழி. இதற்கு 1998-இல் வெளிவந்த ஸெல்டா வரிசையின் ஒகரினா ஆஃப் டைம் நல்ல பாடம். அதில் வரும் ஹைரூல் சமவெளியில் நெடுநேரம் அலைய வேண்டியிருக்கும் என்பது இசையமைப்பாளர் கோஜி கோண்டோவுக்குத் தெரிந்திருந்தது. எனவே ஒரே நீண்ட மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடாமல், எந்த வரிசையில் வைத்தாலும் பொருந்தக்கூடிய சிறு துண்டுகளாக எழுதி, அவற்றை முன்கூட்டித் தீர்மானிக்காத வரிசையில் ஒலிக்கவைத்தார். ஓடினால் உற்சாகமான துண்டுகள் வரும். அசையாமல் நின்றால் அமைதியான துண்டுக்கு மாறும். எதிரி நெருங்கினால் பதற்றமான துண்டு நுழையும். இரவானதும் இசையே இல்லை. இவற்றையெல்லாம் சமவெளியில் கால் மணி நேரம் செலவிட்டு நீங்களே சோதித்துவிடலாம். அப்போது ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள்: எதிரியைப் பார்த்த அதே கணத்தில் இசை வெட்டுப்படுவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் துண்டு முடியும்வரை காத்திருந்து பிறகே மாறுகிறது. மாற்றம் துருத்தித் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சிறு தாமதம்தான்.

இப்படி இசையின் கணுக்களைப் பார்த்து மாற்றும் வேலையை முறைப்படுத்திய முன்னோடிகளில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் முக்கியமானவர்கள். அவர்கள் உருவாக்கிய ஐமியூஸ் என்ற அமைப்பு 1991-இல் மங்கி ஐலண்ட் 2 விளையாட்டில் பயன்பட்டது. அதில் கப்பல்களால் ஆன வுட்டிக் என்ற ஊருக்குள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நுழையும்போது, ஊரின் பொது மெட்டு அறுபடாமல் அந்தந்த இடத்துக்குரிய வடிவத்துக்கு நழுவிச் செல்லும். கதவுகளில் வேண்டுமென்றே மாறி மாறி நுழைந்து வெளியேறிப் பார்ப்பதைவிட நல்ல இசைப் பாடம் அந்த விளையாட்டில் இல்லை என்பேன்.

ஆட்டத்தின் போக்கோடு இசையும் மாறும் இந்த உறவின் வேர் இன்னும் பழையது. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்று சொல்ல இருப்பது கீழிறங்கும் நான்கு தடித்த சுரங்கள் மட்டுமே. ஆனால் எதிரிகள் சுடப்பட்டுக் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்களின் நடை வேகமெடுக்கும். அந்த நான்கு சுரங்களும் கூடவே விரையும். நன்றாக விளையாட விளையாட நெஞ்சு படபடக்கும் இந்த ஏற்பாட்டைக் கேட்டபின், சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் மெட்டு வேகமெடுப்பதைக் கேளுங்கள், அடிப்படை ஒன்றுதான்.

பழைய விளையாட்டுகளை விரும்புபவர்கள், அந்த இசை எந்த வன்பொருளில் பிறந்தது என்பதையும் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்கும் விதமே மாறிவிடும். நின்டெண்டோவின் 8-பிட் கன்சோலில் ஐந்து ஒலித்தடங்கள் இருந்தன: கூர்மையான சதுர அலைகள் இரண்டு, மென்மையான முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, மிகச் சிறிய ஒலிப்பதிவுத் துணுக்குகளுக்கு ஒன்று. பெரும்பாலும் மெட்டும் துணைக்குரலும் சதுர அலைகளுக்கும், பேஸ் வரி முக்கோண அலைக்கும், தாளம் இரைச்சலுக்கும் போகும். ஒலி விளைவுகளும் இதே தடங்களிலிருந்துதான் இடம் பிடிக்க வேண்டும் என்பதால், மாரியோ குதிக்கும் கணத்தில் இசையின் ஒரு குரல் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒரு முறை குதிக்காமலும் ஒரு முறை இடைவிடாமல் குதித்தும் கேட்டுப்பாருங்கள். காணாமல் போகும் அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டால், ஐந்து தடங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். 1982-இல் வந்த கமோடர் 64 கணினியின் ஒலிச் சில்லில் மூன்று குரல்களே இருந்தன. ஒரு குரலை மட்டும் வைத்து மூன்று சுரங்களின் கூட்டொலியைக் காட்ட வேண்டியிருந்ததால், அந்தச் சுரங்களை மின்னல் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். அந்த இசைக்கே உரிய குமிழி விடும் ஒலி அப்படி வந்ததுதான். சூப்பர் நின்டெண்டோவில் எட்டுக் குரல்கள் கிடைத்தன, ஆனால் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. அந்தக் காலத்து வயலின்களும் எக்காளங்களும் சற்றுப் புகைமூட்டத்துடன் ஒலிப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

இப்போது மெட்டுகளைத் துப்பறியும் வேலைக்கு வருவோம். பல விளையாட்டுகளில் ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ உரிய சிறு மெட்டு, வேறு வேறு வேடங்களில் கதை முழுவதும் திரும்பி வரும். டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்ட அண்டர்டேல் விளையாட்டின் ஆல்பத்தில் 101 துண்டுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மெட்டுகளின் உறவினர்கள். தொடக்கக் கதை ஓடும்போது மெதுவாக, எளிய பழங்கால ஒலியில் வரும் மெட்டு, இறுதிக்கட்டப் போர் ஒன்றில் முழுவேகத்தில் முழங்குகிறது. ஆனால் முதல்முறை விளையாடுபவர் அதை அடையாளம் காண்பதற்கு முன்பே அது மனத்தைத் தொட்டுவிடும். 2017-இன் ஸெல்டா விளையாட்டான பிரெத் ஆஃப் த வைல்டில் இசையே இல்லை என்று குறைபட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, இரவில் குதிரையேறி நிற்காமல் நெடுந்தூரம் போங்கள் என்பதே. துண்டு துண்டாக வரும் பியானோ வரிகளுக்குள், 1986-ஆம் ஆண்டின் முதல் ஸெல்டாவுடைய முதன்மை மெட்டு மிக மெதுவாக நடந்து வருவதைக் கேட்கலாம்.

மெட்டைப் பின்தொடர எளிய வழி வாயால் முனகுவது. சுரம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் நீள்கிறது என்று கோடு இழுத்து வைத்தாலே போதும், அதே வடிவம் வேறொரு பாட்டில் தலைகாட்டும்போது பிடித்துவிடலாம். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பேஸ் வரியிலிருந்து தொடங்கட்டும். எல்லோரும் மேல்மெட்டையே வாசிக்கப் போவதால், கீழே நடப்பது கவனிக்கப்படாமலே போகிறது.

இசை இல்லாத இடங்களுக்கும் இதே கவனம் தேவை. 2005-இன் ஷேடோ ஆஃப் த கொலோசஸில் பரந்த நிலத்தின் குறுக்கே குதிரையில் போகும்போது காற்றும் குளம்படியும்தான். இராட்சத உருவம் எதிரில் வந்த பிறகே கோ ஒட்டானியின் இசை எழுகிறது. அந்த நீண்ட வெறுமை இல்லையென்றால் பின்னால் வரும் வாத்தியக் கூட்டத்துக்குப் பாதி கனம்தான் இருக்கும். மைன்கிராஃப்டில் டேனியல் ரோசன்ஃபெல்டின் பியானோ எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. பல நிமிடம் எதுவும் இருக்காது, பிறகு தற்செயலாக நீங்கள் மண் தோண்டிக்கொண்டிருக்கும்போது தொடங்கும். அந்த ஆல்பத்தைத் தொடர்ச்சியாகக் கேட்பது வேறு அனுபவம். மோசமில்லை, ஆனால் வேறு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாத்துவரும் ஒலிப்பதிவுப் பட்டியலில் 2023-இல் மாரியோவின் மெட்டும், 2025-இல் இந்த மைன்கிராஃப்ட் ஆல்பமும் சேர்க்கப்பட்டன.

இவ்வளவும் ஆன பிறகு ஆல்பத்துக்குப் போகலாம். அதிகாரபூர்வ ஆல்பங்களில் பொதுவாக ஒவ்வொரு சுழற்சியும் இரண்டு முறை ஒலித்து மெல்ல மங்கிவிடும். எனவே விளையாட்டில் முடிவில்லாமல் இருந்த ஒன்றுக்கு இங்கே ஒரு முடிவு ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பாடல்களை முதல்முறை வரிசை கலைக்காமல் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்பதை இரண்டாம் முறைக்குத் தள்ளிவையுங்கள். இந்த இசையில் பெரும்பகுதி கவனத்தைப் பறிக்காமல் பின்னால் நிற்கவே எழுதப்பட்டது என்பதால், நாம் முன்வந்து பார்க்காவிட்டால் அது மறுபடியும் பின்னாலேயே நின்றுவிடும்.

ஆர்கெஸ்ட்ரா வடிவங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் பரிந்துரை. டிராகன் குவெஸ்ட் விளையாட்டின் இசையை கோயிச்சி சுகியாமா 1987-லேயே டோக்கியோவில் வாத்தியக்குழுவுடன் மேடையேற்றினார். இன்று உலகெங்கும் இத்தகைய கச்சேரிகள் நடக்கின்றன. சிவிலைசேஷன் 4-க்காக கிறிஸ்டோபர் டின் அமைத்த ஸ்வாஹிலி மொழிச் சேர்ந்திசை 2011-இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்காக எழுதப்பட்ட இசை ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் எண்பது பேர் வாசிக்கும் வடிவத்தை முதலில் கேட்டுவிட்டால், ஐந்து தடங்களில் ஒருவர் செய்துகாட்டிய சாமர்த்தியம் ஏழ்மையாகத் தோன்றும் அபாயம் இருக்கிறது. மூலத்தை நன்கு கேட்டவர் கச்சேரிக்குப் போனால், எந்தக் குரலை எந்த வாத்தியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், இரைச்சலால் செய்த தாளம் எங்கே போனது, முடிவே இல்லாத சுழற்சியை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள அவருக்கு நிறைய இருக்கும். ஒரு விளையாட்டை இப்படிக் கேட்டு முடித்த பிறகு, அதே இசையமைப்பாளர் வேறொரு கன்சோலுக்கு எழுதிய விளையாட்டை அடுத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். கருவி மாறியும் மாறாமல் நிற்கும் பழக்கங்களை அங்கே தேடலாம்.