தினமும் ஒரு புதுசு: ஆரம்பிப்பது எப்படி, விடாமல் தொடர்வது எப்படி

நான் இதை நான்கு முறை ஆரம்பித்திருக்கிறேன். முதல் மூன்று முறையும் பத்துப் பன்னிரண்டு நாளில் நின்றுபோனது. மூன்றுக்கும் காரணம் ஒன்றேதான், நாள் முழுவதையும் புதிதாக்கப் பார்த்தேன். விடியற்காலை ஓட்டம், புது மொழி, புதுச் சமையல், புது ஆட்கள் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது. நான்காவது முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பழகிய ஒன்பதுக்கு நடுவில் புதுசு ஒன்று. அவ்வளவுதான். அது இப்போது இரண்டாவது குளிர்காலத்தையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் இதே விதிதான், பயணத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும்.

எதற்காக இவ்வளவு சிரமம் என்று கேட்டால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். எந்தச் சட்டை போட்டிருந்தீர்கள், யார் முதலில் பேசினார்கள், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதுவரை ஞாபகம் இருக்கும். இருநூறாவது நாள்? ஒன்றுமே இருக்காது. வயது ஏற ஏற வருடங்கள் சுருங்கிப்போவதாகத் தோன்றுவதற்கு இதைத்தான் காரணமாக உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதினார். பழகிப்போனது மனசில் தடம் விடுவதில்லை, தடமில்லாத நாட்கள் திரும்பிப் பார்க்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எனக்கு இதைத் தொடர இந்த ஒரு காரணம் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப்போகும்வரை நீங்கள் யோசிக்காமலே செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பல் துலக்குவது, குளிப்பது, நடந்துபோகும் பாதை, சாப்பிட உட்காரும் இடம், போனில் பேசும் ஆட்கள், படுக்கும்முன் பார்ப்பது. இருபதாவது தேறும். இவற்றில் ஏதாவது ஒன்றில் மட்டும் ஒரு மாற்றம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இடது கையால் பல் துலக்கலாம், தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்கலாம், ஐந்து வருடமாகப் பேசாத ஒருவரை அழைக்கலாம், ஜன்னலுக்கு வெளியே தினமும் கத்துகிற பறவை என்ன பறவை என்று கண்டுபிடிக்கலாம்.

முக்கியமான விஷயம், அன்றைக்கு என்ன என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். காலை அவசரத்தில் யோசித்தால் பழைய வழக்கம்தான் ஜெயிக்கும். நான் முப்பது துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், படுக்கும்முன் ஒன்றை எடுப்பேன். ஐந்து நிமிடத்தில் முடிகிற சீட்டுகள்தான் அதில் பெரும்பாலும் இருக்கும், அரை நாள் பிடிக்கிறவை நான்கைந்து, அவை விடுமுறைக்கு மட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு செயல் வழக்கமாக ஒட்டிக்கொள்ள எவ்வளவு நாளாகிறது என்று பார்த்தார்கள். அந்த 12 வாரப் போக்கை நீட்டிக் கணக்கிட்டதில் நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை என்று வந்தது. இடையில் ஒரு நாள் தவறியது அந்த வழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நேற்று முடியவில்லையா, சரி, இன்றைக்குச் சீட்டை எடுங்கள்.

சாப்பாட்டில் புதுசு

தொடங்குவதற்கு இதைவிட எளிய இடம் இல்லை, ஏனென்றால் சாப்பாடு எப்படியும் தினமும் உண்டு. ஆனால் இங்கேதான் நிறைய பேர் ஒரே வாய் சாப்பிட்டுவிட்டு, எனக்கு இது பிடிக்காது என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். பழக்கமில்லாத உணவைக் கண்டால் தயங்குவது நமக்குள் ஊறிய பாதுகாப்பு, எதையும் தின்னக்கூடிய உயிரினத்துக்கு விஷம் எதுவென்று தெரியாததால் வந்த எச்சரிக்கை. அதை ஒரே நாளில் உடைக்க முடியாது. மெதுவாகத்தான் இறங்கும். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் காட்டினார். குழந்தைகள் ஒரு புதுக் காய்கறியை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்துத் தடவைகூட ஆகலாம். பெரியவர்களும் அந்த அவகாசத்தைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் எதற்கும் ஐந்து வாய்ப்பு கொடுப்பேன், ஐந்தும் ஐந்து விதமாக: பச்சையாக, வேகவைத்து, வறுத்து, சூப்பில், அரைத்து.

வழி இதுதான். உங்களுக்கு நன்றாகக் கைவந்த ஒரு சமையலை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். புதுக் காய், பழைய மசாலா. அல்லது பழைய காய், புது மசாலா. இரண்டையும் சேர்த்து மாற்றினால் நன்றாக இல்லாதபோது எதனால் என்று தெரியாமல் போகும்.

கசப்பு பிடிக்காதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். சர்க்கரை போடாத கடுங்காப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் இரண்டு விரலால் கிள்ளியெடுத்த உப்பில் பாதியைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு தெரியாது, ஆனால் கசப்பு இறங்கியிருக்கும். சோடியம் கசப்பை அமுக்குகிறது. 1997-இல் பிரெஸ்லினும் போஷாம்ப்பும் இதை ஆய்வில் காட்டினார்கள். கசப்பான கீரைக்கும் இதே உபாயம் பலிக்கும்.

இன்னொன்று, ஒரு நாளுக்கு இதுவே போதும். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையாவது ஒரு பழத்துண்டை வாயில் வைக்கச் சொல்லி மெல்லுங்கள். இனிப்பும் லேசான புளிப்பும் மட்டும் தெரியும், என்ன பழம் என்று தெரியாது. மூக்கை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் ஏறி, அந்தப் பழம் யார் என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா பெயரிட்ட, சூப்பிலும் காளானிலும் தெரிகிற உமாமி. மிச்ச ருசியில் பெரும்பகுதி மூக்குடைய வேலை. சளி பிடித்த நாளில் புது உணவை எடைபோடக் கூடாது என்பதும் இதனால்தான்.

குளிர்காலத்தில் கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் மறு வாய்ப்பு கொடுங்கள். உறைபனி விழுகிற இடங்களில் விளையும் கேரட், முட்டைக்கோஸ் மாதிரியான செடிகள் குளிரிலிருந்து தப்பிக்கத் தங்களுக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன, அதனால் அந்தப் பருவத்துக் காய் உண்மையிலேயே இனிப்பாக இருக்கும். எனக்கு முட்டைக்கோஸ் என்றாலே நீண்ட நேரம் வெந்து கிளம்பும் கந்தக வாடைதான் ஞாபகம் வரும். ஒரு குளிர்கால இரவில் சீட்டில் அதுவே வந்தது. இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, ஈரம் போகத் துணியால் ஒற்றி, எண்ணெயும் உப்பும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் நெருக்காமல் வைத்து, கைவைக்காமல் விட்டேன். ஓரம் கருகிச் சுருண்டு, அடிப்பக்கம் செம்பழுப்பாகி, நடுவில் மட்டும் வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஆகி, வாயில் வைத்தபோது கடலை வறுத்த மணமும் இனிப்பும் சேர்ந்து வந்தது. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, காய் வெந்துகொண்டே இருக்கும். ஈரம் போய்ச் சூடு 140 டிகிரியைத் தொடும்போதுதான் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வேகமாகக் கூடும். ஒற்றி எடுப்பதும் நெருக்காமல் வைப்பதும் அதற்காகத்தான், அந்த இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இதுவரை சாப்பிடாத பொருள் ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதுவும் முதலில் ஒரு ஸ்பூன். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காட்டில் பறித்த காளானை, அதை நன்கு அறிந்தவர் உடன் இல்லாமல், தொடவே வேண்டாம். பயணத்துக்கு முந்தின இரவும் புதுச் சாப்பாட்டுக்கு உகந்ததல்ல.

குளிர்காலப் பயணம்: விதியைத் திருப்பிப் போடுங்கள்

வீட்டில் எல்லாம் பழையது, ஒன்று புதுசு. பயணத்தில் இடமே புதுசு. ஆகவே அந்த ஒன்றுக்கான கணக்கு இடத்திலேயே தீர்ந்துவிட்டது, மற்றதெல்லாம் பழகியதாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு பனிப் பயணத்துக்கு அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம். மிச்சம் மூன்று நாளும் நான் பார்த்தது பனியை இல்லை, என் கால்களை. புது ஷூவை இரண்டு வாரம் வீட்டுப் பக்கத்திலேயே போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள்.

உடையை அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டரோ மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டையோ, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்பைக் குளிரவைக்கும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. முதலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். சாக்ஸ் இரண்டு போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும், கனமான ஒன்றே நல்லது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூட்டைக் காக்கும். கிளம்புவதற்கு முன் முழு உடையையும் போட்டு அரை மணி நேரம் வெளியே நடந்து பாருங்கள், அன்றைய சீட்டு அதுவாகவே இருக்கட்டும்.

வானிலையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20. விரலோ காதோ வலித்துக்கொண்டிருந்து திடீரென்று வலி நின்றுபோனால் நிம்மதி அடையாமல் உடனே உள்ளே போங்கள், மரத்துப்போவது ஆபத்தின் அறிகுறி. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. இனி வெளிக் குளிருக்குத் திரும்பப் போவதில்லை என்று உறுதியான பிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தோல் வெளுத்தோ கெட்டியாகவோ ஆகியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மது குடித்தால் சூடேறுவது போலத் தெரிவது தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால்தான், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். தாகமே எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

போன் 40 சதவீதம் காட்டிக்கொண்டே குளிரில் அணைந்துவிடும். வழி தெரியாத இடத்தில் எனக்கு அப்படி ஆனது, அன்றிலிருந்து போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், வழியைத் தாளிலும் குறித்துக்கொள்கிறேன். பேட்டரி சில்லிட்டிருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், சூடேறிய பிறகு போடுங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுவரும்முன் வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டால் உள்ளே நீர் கோக்காது. புதுப் பனி வெயிலின் புற ஊதாக் கதிர்களை 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும் என்பதால் கருப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மாலை சீக்கிரம் இருட்டிவிடும், திரும்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இவ்வளவும் தயாராக இருந்தால் புதுசுக்கு மனசு முழுக்க இடம் இருக்கும். பனி விழும்போது கருப்புக் கையுறையை நீட்டுங்கள். ஒரு பனிப்பூ வந்து உட்காரும். மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், விட்டால் உருகிவிடும். சிறிய லென்ஸ் இருந்தால் ஆறு கை, ஒவ்வொரு கையிலும் சின்னச் சின்னக் கிளைகள் தெரியும். ஏன் எப்போதும் ஆறு என்று 1611-லேயே வானியலாளர் கெப்ளர் யோசித்து எழுதினார், 1885-இல் அமெரிக்காவைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். அதே கேள்வியோடு நீங்களும் ஒரு ஐந்து நிமிடம் நில்லுங்கள். புதுப் பனிக்குள் இருக்கும் காற்றிடைவெளி ஒலியை விழுங்கிவிடுவதால் சுற்றிலும் ஒரு அமைதி இருக்கும், அதையும் கேளுங்கள்.

பயணம் போக முடியாதவர்களுக்கு வானம் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை இரவு எட்டு, ஒன்பது மணிக்கு உலகின் பெரும்பாலான இடங்களிலிருந்து ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டம் தெரியும், அதன் நடுவில் ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரம். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக மினுங்குவது திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெண்மையாக இருப்பது ரைஜல் என்ற நட்சத்திரம். இரண்டின் நிறத்தையும் மாறி மாறிப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு என்பதைக் கண்ணால் கண்ட இரவு எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

எழுதி வையுங்கள்

ஒரு வரி போதும்: தேதி, என்ன செய்தேன், கண்ணோ காதோ நாக்கோ மூக்கோ பிடித்த ஒரு விவரம். நன்றாக இருந்தது என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதில் ஒன்றும் மிஞ்சாது. ஓரம் கருகியிருந்தது, கையுறையில் பனி விழுந்த சத்தம் கேட்கவில்லை என்று எழுதினால் அந்த நாள் திரும்பி வரும்.

மாதக் கடைசியில் முப்பது வரியையும் ஒருமுறை வாசித்து, அதில் இரண்டை மட்டும் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருபத்தெட்டை விட்டுவிடலாம். போன குளிர்காலத்தில் எனக்குத் தங்கியவை அந்த வறுத்த முட்டைக்கோஸும் படுக்கும்முன் மாடிக்குப் போய் வானம் பார்ப்பதும். அவை இப்போது பழைய ஒன்பதில் சேர்ந்துவிட்டன, டப்பாவில் அவற்றின் இடத்துக்கு வேறு இரண்டு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.