கண்புரை ஆபரேஷனுக்குப் பின் பூஞ்சைத் தொற்று: வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆபரேஷன் ஆன முதல் வாரம் வீட்டில் எல்லாரும் உஷாராக இருப்பார்கள். பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தெரிந்துவிடும். பூஞ்சை மெல்ல வளர்வது. சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூடக் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே சொட்டு மருந்து நின்ற பிறகும் ஒன்றிரண்டு மாதம் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தினமும் காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, மற்ற கண்ணை அழுத்தாமல் மூடி, சுவரிலுள்ள நாட்காட்டியின் தேதியைப் படியுங்கள். நேற்றுத் தெளிவாக இருந்த எண் இன்று மங்கலா? அதுவே போதும், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக. இன்னொருவர் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்கட்டும். கருவிழியை மூடிய கண்ணாடி போன்ற படலத்துக்குப் பின்னால், அடியில் பிறை மாதிரி வெள்ளை தங்கியிருந்தால் அது சீழ். புதிதாகக் கண்முன் பூச்சி பறப்பதுபோலத் தெரிவது, வெளிச்சம் கூசுவது, சிவப்பு கூடுவது எல்லாமே அவசரம்தான். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். பூஞ்சையில் வலி லேசாகவே இருக்கலாம்.

ஏமாற்றுவது ஸ்டீராய்டு சொட்டு. பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை சிவப்பை அடக்கும். உள்ளே பூஞ்சை இருந்தால் அது செழிக்கவும் இடம் கொடுக்கும். அளவைக் குறைக்கும்போது சிவப்பு திரும்பும். அப்போது பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதையே வாங்கி விட்டுக்கொள்வதுதான் பெரிய தவறு. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

சொட்டு விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால்போல் இருக்கும் மருந்தைக் குலுக்குங்கள். கீழிமையை இழுத்து, பாட்டில் மூக்கு இமைமயிரில் படாமல் ஒரே சொட்டு. இரண்டாவது விட்டால் கன்னத்தில்தான் வழியும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. பாட்டில் மூக்கை முந்தானையால் துடைக்காதீர்கள். திறந்த தேதியை எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப்போடுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம்.

மருத்துவமனையில் கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள்; பூஞ்சை முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் வோரிகொனசோல் (வழக்கமாக 0.1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம்) அல்லது ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி ஊசியைக் கண்ணுக்குள் போடுவார்கள். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்குத் தரும் 5 சதவீத நாட்டமைசின் சொட்டு அவ்வளவு ஆழம் போகாது.

போகும்போது எல்லாப் பாட்டில்களையும் மூடியோடு, கழுவாமல் கொண்டுபோங்கள். மருந்திலேயே பூஞ்சை இருந்ததுண்டு: 2012-இல் அமெரிக்காவில் விழித்திரை ஆபரேஷனில் பயன்படுத்திய நீலச் சாயத்திலிருந்தே தொற்று வந்தது.